மரத்துப்போகும் ஊசிக்குள் ஓர் அமைடு

வேலப்பன்சாவடியில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சவீதா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சொத்தைப் பல்லோடு அங்கே போனாலும் தெருமுனை கிளினிக்குக்குப் போனாலும், பல்லைப் பிடுங்குமுன் போடும் மரத்துப்போகும் ஊசியில் இருப்பது பெரும்பாலும் லிக்னோகெய்ன். பிளஸ் டூ வேதியியலில் வரும் ‘அமைடு’ என்ற சொல்லின் பயனை அறிய இந்த மருந்து போதும்.

ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பிலுள்ள கார்பனுடன் நைட்ரஜன் சேர்ந்திருந்தால் அது அமைடு. நைட்ரஜனுக்குப் பதில் இன்னோர் ஆக்சிஜன் அமர்ந்து, அதன் மறுபக்கம் வேறொரு கார்பன் தொடர்ந்தால் எஸ்டர். பட்டு, நைலான், நம் தசைப் புரதம் மூன்றையும் கோத்திருப்பது அமைடுப் பிணைப்பு. எஸ்டரைப் போல அது எளிதில் அறாது.

மரப்பு மருந்தின் மூலக்கூறில் ஒரு முனை கொழுப்பில் கரையும் பென்சீன் வளையம். மறுமுனை நீரை நாடும் அமீன். நடுவே ஓர் இணைப்பு. 1905இல் மருத்துவத்துக்கு வந்த புரோகெய்னில் அந்த இணைப்பு எஸ்டர். இரத்தத்திலுள்ள நொதி அதை விரைவாக நீராற்பகுத்துவிடும். அப்போது பிறக்கும் பாரா-அமினோ பென்சாயிக் அமிலம் சிலருக்கு ஒவ்வாமை தரும். ஸ்வீடன் வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரென் 1943இல் உருவாக்கிய லிக்னோகெய்னில் இணைப்பு அமைடு. இரத்த நொதிக்கு அது மசியாது. பெரும்பகுதி கல்லீரலில்தான் சிதைகிறது. அந்த அமிலம் உருவாவதில்லை. ஒவ்வாமையும் மிக அரிது.

வலியை நிறுத்தும் வேலையில் அமீன் முனைக்குப் பெரும் பங்கு உண்டு. மின்னூட்டமற்ற மூலக்கூறுதான் நரம்பின் கொழுப்புச் சவ்வைக் கடக்கும். உள்ளே போனதும் மின்னூட்டம் பெற்று, சோடியம் அயனிகள் நுழையும் வழியை அடைக்கும்; வலிச் செய்தி மூளைக்குப் போகாது. உடலின் இயல்பான பிஹெச் 7.4இல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே மின்னூட்டமின்றி இருக்கும். சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடுவதால் அதுவும் குறைந்துவிடும். ‘ஊசி போட்டும் மரக்கலையே டாக்டர்’ என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

ஊசிக்கு முன் மருத்துவர், கல்லீரல் நோய் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்பார். அவசரத்தில் ‘இல்லை’ என்று தலையாட்டிவிடாதீர்கள். பழுதுபட்ட கல்லீரல் அமைடு மருந்தை மெதுவாகவே சிதைக்கும் என்பதால், உங்கள் பதிலைக் கேட்டுத்தான் அவர் மருந்தின் அளவை முடிவு செய்கிறார்.