அம்மா குறுக்கே வந்தாலும் 'மால்பிராக்டிஸ்' அலர்ட்டா? வெப்கேம் கண்காணிப்பு, லாக்டவுன் பிரவுசர்... வீட்டிலிருந்து எழுதும் தேர்வில் நடப்பது என்ன? முழு விளக்கம்

சாத்தூர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது காரச்சேவும் வெள்ளரிக்காயும்தான். ஆனால் ஒரு காலத்தில் பேனா நிப்பு தயாரிப்பிலும் பெயர் வாங்கிய ஊர் இது. இன்று அதே ஊரில் ஆன்லைன் தேர்வுக்கு உட்காரும் மாணவரிடம் யாரும் பேனா கேட்பதில்லை. வெப்கேம் இருக்கா, மைக் இருக்கா, நெட் நிற்காமல் வருமா என்பதுதான் கேள்வி.

இப்படி ஒரு காட்சியை யோசித்துப் பாருங்கள். தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகும் பெற்றோர். முன்னறை, சமையலறை என இரண்டே அறை கொண்ட வீடு. குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகப்போகும் பெண், லேப்டாப் முன் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் எடுக்க அம்மா பின்னால் கடந்து போகிறார். உடனே திரையில் எச்சரிக்கை: 'இரண்டாவது முகம் கண்டறியப்பட்டுள்ளது'.

அந்தப் பெண் காப்பி அடிக்கவில்லை. ஆனால் மென்பொருளின் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ஒரு குறி விழுந்துவிட்டது. அந்தக் குறியை வைத்து அடுத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் அவருடைய மார்க், ரிசல்ட், வேலை எல்லாமே அடங்கியிருக்கிறது.

கொரோனா முடிந்ததும் செமஸ்டர் தேர்வுகள் மீண்டும் தேர்வறைக்குப் போய்விட்டன. ஆனால் கேமரா போகவில்லை. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன் நிறுவனங்கள் வைக்கும் ஆன்லைன் டெஸ்ட், சான்றிதழ் படிப்புகள் எனப் பல இடங்களில் இந்த முறை தொடர்கிறது. எனவே இது எப்படி வேலை செய்கிறது, எங்கே தவறுகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

லாக்டவுன் பிரவுசர் என்றால் என்ன?

பிரவுசரில் ஒரு டேப்பில் கேள்வித்தாள், இன்னொரு டேப்பில் கூகுள் என வைத்துக்கொண்டால் தேர்வுக்கு அர்த்தமே இல்லை. அதைத் தடுக்க வந்ததுதான் 'பூட்டப்பட்ட' பிரவுசர். திறந்ததும் முழுத் திரையையும் எடுத்துக்கொள்ளும். வேறு டேப், வேறு ஆப் திறக்க முடியாது. காப்பி-பேஸ்ட், ஸ்கிரீன்ஷாட், பிரின்ட் எதுவும் வேலை செய்யாது. தேர்வை முடித்தால்தான், அல்லது கண்காணிப்பாளர் தரும் பாஸ்வேர்டு போட்டால்தான் வெளியே வர முடியும்.

சுவிட்சர்லாந்தின் ஈடிஎச் சூரிச் பல்கலைக்கழகத்தில் உருவான 'சேஃப் எக்ஸாம் பிரவுசர்' இதில் நன்கு அறியப்பட்டது. இலவசம்தான். ஆனால் விண்டோஸிலும் ஆப்பிள் கருவிகளிலும் மட்டுமே ஓடும். ஆண்ட்ராய்டு போனிலோ லினக்ஸிலோ ஓடாது. ஆண்ட்ராய்டு போன் மட்டுமே உள்ள வீடுகள் அதிகம் இருக்கும் நம் ஊரில், தேர்வுக்கு முன்பே ஒரு தடை இங்கே வந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தப் பூட்டு அந்த ஒரு கருவிக்கு மட்டும்தான். மேசைக்குக் கீழே இன்னொரு போன் இருந்தால் பிரவுசருக்குத் தெரியாது. அதனால்தான் கூடவே கேமராவும் வருகிறது.

வெப்கேம் எதைப் பார்க்கிறது?

இந்தக் கண்காணிப்பில் மூன்று வகை உண்டு. ஒன்று, ஒரு மனிதர் நேரலையில் பல மாணவர்களின் வீடியோவை ஒரே திரையில் பார்ப்பது. இரண்டு, வீடியோவைப் பதிவு செய்துவைத்துப் பிறகு பார்ப்பது. மூன்று, ஏஐ மென்பொருளே கவனித்து, சந்தேகப்படும் இடங்களில் குறி போடுவது. பல இடங்களில் இவற்றைக் கலந்து பயன்படுத்துகிறார்கள்.

தேர்வு தொடங்கும் முன் மாணவரின் முகத்தையும் அடையாள அட்டையையும் ஒப்பிடுவார்கள். சில தேர்வுகளில் அறை முழுவதையும் கேமராவில் சுற்றிக்காட்டச் சொல்வார்கள். தேர்வு நடக்கும்போது முகம் திரையில் இருக்கிறதா, ஒன்றுக்கு மேற்பட்ட முகம் தெரிகிறதா, தலை வேறு பக்கம் அடிக்கடி திரும்புகிறதா, மைக்கில் பேச்சுக் குரல் விழுகிறதா, போன் போன்ற பொருள் தெரிகிறதா என மென்பொருள் கவனிக்கும்.

மென்பொருளுக்கு 'காப்பி அடிப்பது' என்றால் என்ன என்று தெரியாது. வழக்கத்துக்கு மாறான ஓர் அசைவு, ஒரு சத்தம் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். விடையை யோசிக்கும்போது விட்டத்தைப் பார்ப்பது பலருக்கும் பழக்கம். அதுவும் ஒரு குறி ஆகலாம். ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகும் பக்தர்களுக்காகத் தெருவில் மைக் செட் கட்டினால், அந்தச் சத்தமும் மாணவரின் மைக்கில்தான் விழும்.

தமிழ்நாட்டில் நடந்தது என்ன?

2020 ஜூலையில் யுஜிசி, இறுதியாண்டுத் தேர்வுகளை செப்டம்பர் மாத இறுதிக்குள் நடத்தியே ஆக வேண்டும் என்றது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றமும் இறுதித் தேர்வு எழுதாமல் பட்டம் வழங்க முடியாது என்று உறுதி செய்தது. இதையடுத்து அண்ணா பல்கலைக்கழகம் இறுதி செமஸ்டர் மாணவர்களுக்கு ஏஐ கண்காணிப்புடன் ஆன்லைன் தேர்வு நடத்தியது. ஒரு மணி நேரம், கொள்குறி வகைக் கேள்விகள். லேப்டாப் இல்லாதவர்கள் போனிலும் எழுதலாம்.

2020 நவம்பர்-டிசம்பர் செமஸ்டர் தேர்வும் அதே பாணியில் 2021-ன் தொடக்கத்தில் நடந்தது. பிரச்சினை வெடித்தது ஏப்ரலில் ரிசல்ட் வந்தபோதுதான். ஏராளமானோர் தோல்வி. பலருக்கு முறைகேடு சந்தேகத்தின் பேரில் ரிசல்ட் நிறுத்திவைப்பு. நெட் விட்டு விட்டு வந்தது, வீட்டில் யாரோ பேசினார்கள், அதற்கா இந்தத் தண்டனை என்பது மாணவர்கள் தரப்புக் கேள்வி.

மே மாதம் ஆட்சி மாறியதும், அப்போதைய உயர்கல்வித் துறை அமைச்சர் பொன்முடி மறுதேர்வு அறிவித்தார். கேமரா முன் ஒரு மணி நேரக் கொள்குறித் தேர்வுக்குப் பதிலாக, பழையபடி 3 மணி நேரம் எழுதும் முறைக்குத் திரும்பினார்கள். அதாவது, ஒரு செமஸ்டரைப் பல மாணவர்கள் இரண்டு முறை எழுத வேண்டி வந்தது.

உச்ச நீதிமன்றம் ரத்து செய்த தேர்வு

அதே 2020-ல் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி, கிளாட் நுழைவுத் தேர்விலிருந்து விலகி 'என்லாட்' என்ற தனித் தேர்வை அறிவித்தது. செப்டம்பர் 12-ல் மாணவர்கள் வீட்டிலிருந்தே ஏஐ கண்காணிப்பில் எழுதினார்கள். தொழில்நுட்பக் கோளாறால் சிலருக்கு மறுபடியும் தேர்வு வைக்க வேண்டியிருந்தது. செப்டம்பர் 21-ல் உச்ச நீதிமன்றம் அந்த நடைமுறையையே ரத்து செய்தது. வீட்டிலிருந்து எழுதும் இப்படிப்பட்ட தேர்வு வெளிப்படைத்தன்மையையும் நம்பகத்தன்மையையும் காப்பாற்றாது என்பது தீர்ப்பின் முக்கியக் காரணங்களில் ஒன்று.

கேமரா வைத்தால் பிடித்துவிடலாம்தானே?

நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் 2021-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. 30 மாணவர்களை 'ப்ராக்டோரியோ' மென்பொருளின் கண்காணிப்பில் தேர்வு எழுத வைத்தார்கள். அவர்களில் 6 பேரிடம் மட்டும் வேண்டுமென்றே காப்பி அடிக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த 6 பேரில் ஒருவரைக்கூட மென்பொருள் சந்தேகிக்கவில்லை. தனியாக வீடியோவைச் சரிபார்த்த மனிதரும் ஒருவரை மட்டுமே பிடித்தார்.

சரி, மென்பொருள் நன்றாகவே வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. புரிந்துகொள்வதற்காக ஓர் உதாரணம்: 1,000 பேர் தேர்வு எழுதுகிறார்கள், 50 பேர் காப்பி அடிக்கிறார்கள். மென்பொருள் அவர்களில் 90 சதவீதம் பேரைப் பிடித்தால், 45 பேர் சிக்குவார்கள். நேர்மையாக எழுதிய 950 பேரில் 10 சதவீதம் பேர் மீது தவறாகக் குறி விழுந்தால், அது 95 பேர். மொத்தம் சந்தேகப் பட்டியலில் 140 பேர். அதில் 95 பேர் எந்தத் தப்பும் செய்யாதவர்கள்!

பெரும்பாலானோர் நேர்மையாக எழுதும் தேர்வில், சின்ன பிழை விகிதம்கூட இப்படித்தான் பெரிதாக விளையும். மென்பொருள் போட்ட குறியை விசாரணைக்கான தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்வது இதனால்தான்.

முகம், அறை, தகவல்: யாருக்குச் சொந்தம்?

ஆம்ஸ்டர்டாமில் கறுப்பின மாணவி ஒருவர், தன் முகத்தில் விளக்கு அடித்தால்தான் மென்பொருள் தன்னை அடையாளம் காண்கிறது என்று புகார் கொடுத்தார். 2022-ல் அந்நாட்டு மனித உரிமை அமைப்பு, பாகுபாடு இருக்கலாம் என முதல்கட்டமாகக் கருதியது. 2023-ல் பல்கலைக்கழகம் தந்த தரவுகளைப் பார்த்த பிறகு, பாகுபாடு நிரூபணமாகவில்லை என்று முடிவு சொன்னது. ஆனாலும் மென்பொருள் எல்லா நிறத்தவரையும் ஒரே மாதிரி பார்க்கிறதா என்று நிரூபிக்க வேண்டியது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு என்பதை அந்த வழக்கு உணர்த்தியது.

அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழக வழக்கில், தேர்வுக்கு முன் மாணவரின் அறையைக் கேமராவில் காட்டச் சொன்னது நியாயமற்ற சோதனை என்று 2022 ஆகஸ்டில் ஃபெடரல் நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன்பே, 2020-ல் 'ப்ராக்டர்யூ' நிறுவனத்தின் சுமார் 4,44,000 பயனர்களின் விவரங்கள் இணையத்தில் கசிந்தன.

இந்தியாவில் தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. தகவல் எதற்காக எடுக்கப்படுகிறது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்பது இச்சட்டத்தின் அடிப்படை.

குறி விழுந்துவிட்டால் மாணவர் என்ன செய்யலாம்?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: விளக்கம் கேட்காமல் தண்டிக்க முடியாது. தேர்வு முறைகேடு என்று சொல்லி ரிசல்ட்டை ரத்து செய்யும் முன் மாணவரின் தரப்பைக் கேட்க வேண்டும் என்று, உத்தரப்பிரதேசக் கல்வி வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. அப்போது கேமரா இல்லை. கேமரா வந்ததால் அந்த நியாயம் மாறிவிடாது.

எனவே எந்த நேரத்தில், என்ன காரணத்துக்காகக் குறி விழுந்தது என்பதையும், அந்த வீடியோவை ஒரு மனிதர் பார்த்தாரா என்பதையும் எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம். நெட் கட் ஆனாலோ கரன்ட் போனாலோ, அன்றைக்கே கல்லூரிக்கு மெயில் அனுப்பிவிடுங்கள். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

தேர்வுக்கு முன்:

மாதிரித் தேர்வைத் தவறவிடாதீர்கள். நிஜத் தேர்வுக்குப் பயன்படுத்தும் அதே கருவியில், அதே இடத்தில் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

வெளிச்சம் முகத்துக்கு நேரே விழட்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகத் தெரியும்.

மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை அறிவிப்பை முந்தின நாளே பாருங்கள். அன்று உங்கள் பகுதி பட்டியலில் இருந்தால் கல்லூரியிடம் முன்பே சொல்லிவிடலாம்.

வீட்டில் எல்லோரிடமும் தேர்வு நேரத்தைச் சொல்லிவையுங்கள். முடிந்தால் சுவரை ஒட்டி உட்காருங்கள், பின்னால் யாரும் கடக்க வழி இருக்காது.

தேர்வு முடிந்ததும் அந்த மென்பொருளை நீக்கிவிட்டு, கேமரா, மைக் அனுமதிகளையும் ரத்து செய்யுங்கள்.

மாற்று வழி இல்லையா?

இருக்கிறது. பாடம் ஆன்லைனில், தேர்வு மட்டும் மையத்தில் என்பது ஒரு வழி. என்பிடெல் சான்றிதழ் தேர்வுகளும், சென்னை ஐஐடியின் ஆன்லைன் பிஎஸ் படிப்பின் தேர்வுகளும் மையங்களில் நேரடியாகவே நடக்கின்றன. புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம், ஆனால் யோசித்தால்தான் விடை வரும் என்கிற மாதிரி கேள்வி கேட்பது இன்னொரு வழி.

காப்பி அடிப்பதைத் தடுக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ராத்திரி முழுக்கப் படித்தவரும் போனைப் பார்த்து எழுதியவரும் ஒரே மார்க் வாங்கினால் அதுவும் அநியாயம்தான். ஆனால் தனி அறையும் நிற்காத நெட்டும் உள்ள வீட்டை மனதில் வைத்து எழுதிய விதியை, சாத்தூரின் இரண்டு அறை வீட்டுக்கும் அப்படியே பொருத்தினால், அங்கே சோதிக்கப்படுவது மாணவரின் படிப்பா, அவருடைய வீட்டு வசதியா? கேமராவை ஆன் செய்யும் முன் கல்லூரிகளும் நிறுவனங்களும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.