சினைப்பசுவும் வைக்கோற்போரும்

வன்னியிலே மாசி, பங்குனித் திங்கள்களிற் பெரும்போக அறுவடை முடிந்ததும் வயலெங்கும் வைக்கோல் கிடக்கும். வைகாசி தொடக்கம் புரட்டாசி ஈறாகப் புல் கருகிய காலத்திற் பட்டிமாடுகளுக்குப் பெரும்பாலும் அதுவே தீன். எனினும், வயிற்றை நிரப்புவதெல்லாம் கருவை வளர்ப்பதாகாது. பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள்; கன்றின் எடையிற் பெரும்பகுதி இறுதி மூன்று திங்களிலேயே ஏறுகின்றது. மாரியிற் சினைப்பட்ட பசுவுக்கு அம்மூன்று திங்களும் கடுங்கோடையில் வந்து வாய்க்கின்றன. 2009ஆம் ஆண்டுப் போரிற் பட்டிகளை இழந்து, பின்னர் ஓரிரு பசுக்களோடு மீளத் தொடங்கிய குடும்பங்களுக்கு ஒரு கன்றை இழப்பது அவ்வீற்றுப் பாலையும் இழப்பதாகும்.

முன்னர்க் களத்திற் சூடடித்தபோது வைக்கோல் ஓரிடத்திற் குவிந்தது. இன்றோ அறுவடை இயந்திரம் அதனை வயல் முழுதும் சிதறிச் செல்கின்றது. கூலி கொடுத்துச் சேர்ப்பதிலும் கொளுத்திவிடுதல் எளிதென்பாரும் உளர். காலந்தப்பிய மழையில் நனைந்ததை அப்படியே வாரிக் குவிப்பது அதனினும் கேடு. ஈர வைக்கோலிற் பங்கசு படரும்; அதன் வித்திகள் மூச்சோடும் தீனோடும் உட்சென்று, குருதிவழியே கருவை ஊட்டும் சூல்வித்தகத்தை அடைந்து அதனைப் பழுதாக்க, பெரும்பாலும் ஆறு முதல் எட்டாந் திங்களுக்குள் பசு கன்று வீசிவிடும். பசுவிடத்து முன்குறி ஏதும் தோன்றாமையாற் கண்ணூறென்று அமைதி கொள்வாரும் உண்டு. அமெரிக்காவில் உயர்பெசுக்கு என்னும் புல்லினுள் மறைந்து வாழும் ஒரு பங்கசு, சினைக்குதிரைகளுக்குப் பேற்றுக் காலத்தை நீட்டிப் பாலையும் வற்றச் செய்வது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. அங்கு இறுதித் திங்கள்களிற் குதிரையை அம்மேய்ச்சலினின்று விலக்கிவிடுவர்.

ஆகவே வைக்கோலை நன்குலர்த்தி, நிலம்படாது மரக்கட்டைகளின் மேற் போராக்கிப் பனையோலையால் வேய்தல் வேண்டும். கறுத்ததும் பூஞ்சணம் மணப்பதும் சினைப்பசுவுக்குத் தீனாகவும் ஆகா, படுக்கையாகவும் ஆகா.

நல்ல வைக்கோலும் தனியே போதாது. வெயிலில் வெளிறிய வைக்கோலிலிருந்து விற்றமின் ஏ கிட்டுவதில்லை. பசு ஈரலிற் சேமித்ததும் தீர்ந்துவிடின், கன்று நலிந்தோ குருடாகவோ பிறத்தல் கூடும். வேலியில் நிற்கும் சீமைக்கிளுவைக் குழையும் முருங்கைக் குழையும், நீர் வற்ற வற்ற இரணைமடு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் அலைகரையில் முளைக்கும் பசும்புல்லும் இக்குறையை நீக்குவன, பணச்செலவும் இல்லை.

இத்தனைக்கும் மேலாகப் பசு கன்று வீசிவிடின், வைக்கோலே காரணமென்று முடிவுகட்டுதல் தகாது. மனிதரையும் பற்றும் புருசெல்லோசிசு நோயாகவும் அது இருக்கலாம். வெறுங்கையால் எதனையும் தொடாது, பசுவைப் பிரித்துக் கட்டி, மிருக வைத்தியருக்கு அறிவித்து, அவர் பார்த்தபின்னரே வீசிய கன்றையும் இளங்கொடியையும் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்தல் வேண்டும்.