விழுமுன் காப்போம்

வீட்டுக் கடன் வழங்குவதற்கு முன்பு நாங்கள் பல ஆவணங்களைப் பரிசீலிக்கிறோம். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், மதிப்பீட்டாளரின் அறிக்கை ஆகிய அனைத்தும் சரியாக இருந்தால்தான் கடன் கிடைக்கும். ஆனால், அந்த வீட்டில் தவழப்போகும் குழந்தைக்குப் பால்கனிக் கம்பிகளின் இடைவெளி பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. குடியேறும் நாமே அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து உயிரிழக்கின்றனர். தற்செயலான காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துகளுக்கு அடுத்த இடம் இதற்கே. இறப்போரில் முதியோரே மிகுதி எனினும், குழந்தைகளும் பெரும் ஆபத்துக்கு உள்ளாகின்றனர்.

"கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. நேற்று வரை மல்லாந்து கிடந்த குழந்தை இன்று புரண்டுவிடுகிறது. ஒன்பது, பத்து மாதங்களில் எதையேனும் பற்றிக்கொண்டு எழுகிறது. ஒன்றரை வயதில் நாற்காலி மீது ஏறுகிறது. அதன் புதிய திறமையை நாம் அறிந்துகொள்ளும் நாளும், அது விழும் நாளும் பல வேளைகளில் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. உடலோடு ஒப்பிடத் தலை பெரிதாக இருப்பதால், விழும் குழந்தைக்குத் தலையில் அடிபடும் வாய்ப்பும் அதிகம். எனவே, கண்காணிப்போடு வீட்டையும் மாற்றியமைக்க வேண்டும்.

வீட்டை மாற்றினால் பயன் உண்டு என்பதற்கு நியூயார்க் நகரமே சான்று. உயர்ந்த கட்டடங்களின் சன்னல்களிலிருந்து குழந்தைகள் விழுந்து இறப்பதைத் தடுக்க, அந்நகரச் சுகாதாரத் துறை 1972இல் 'குழந்தைகளால் பறக்க இயலாது' என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. பெற்றோருக்கு அறிவுரையோடு சன்னல் தடுப்புகளும் இலவசமாக வழங்கப்பட்டன. 1973க்கும் 1975க்கும் இடையே பிராங்ஸ் பகுதியில் இத்தகைய விபத்துகள் பாதியாகக் குறைந்தன. 1976இல், 10 வயது வரையுள்ள குழந்தைகள் வசிக்கும் அடுக்ககங்களில் தடுப்புகள் கட்டாயமாக்கப்பட்டன.

நம் வீடுகளில் செய்ய வேண்டியவை யாவை?

கட்டில், தூளி: கட்டிலின் நடுவில் குழந்தையைக் கிடத்தி, இருபுறமும் தலையணை வைப்பது நம் வழக்கம். தலையணை புரளும் குழந்தையைத் தடுக்காது; முகத்தை மூடினால் மூச்சுத்திணறலும் நேரலாம். கைப்பேசி ஒலித்து எழ வேண்டியிருந்தால், குழந்தையைத் தரையில் விரித்த பாயில் விட்டுச் செல்வதே நன்று. தூளியைத் தரைக்கு அருகில் தாழ்வாகக் கட்டி, கொக்கியையும் முடிச்சையும் அடிக்கடி சோதிக்க வேண்டும். குழந்தை தானாக எழுந்து உட்காரத் தொடங்கியதும் தூளியை நிறுத்திவிட வேண்டும்.

நடைவண்டி: குழந்தையை உள்ளே உட்காரவைக்கும் சக்கர வாக்கரில், அது நொடியில் படிக்கட்டை எட்டிவிடும். கனடா 2004இல் இதன் விற்பனையையே தடை செய்தது. குழந்தை நடை பழகுவதற்கு இது தேவையும் இல்லை.

படிக்கட்டு: மேலும் கீழும் தடுப்புக் கதவு தேவை. மேற்படியில் அது சுவரில் திருகாணியால் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்.

சன்னல், பால்கனி, மொட்டை மாடி: கம்பிகளின் இடைவெளி 10 சென்டிமீட்டருக்கு, அதாவது நான்கு அங்குலத்துக்கு, மேற்படலாகாது. குறுக்குக் கம்பிகள் குழந்தைக்கு ஏணியாகிவிடும். நெடுக்குக் கம்பிகளே சிறந்தவை. கைப்பிடிச் சுவர் போதிய உயரம் கொண்டிருந்தாலும், அதன் அருகே ஒரு நாற்காலியோ கவிழ்த்த வாளியோ பூந்தொட்டியோ கிடந்தால் அந்த உயரத்தால் பயனில்லை. கொசுவலை கொசுவைத் தடுக்கும். குழந்தையின் எடையைத் தாங்காது. தீ விபத்தின்போது வெளியேறும் பொருட்டு, ஒரு சன்னலின் தடுப்பேனும் பெரியவர்கள் உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும். வாடகை வீடாயின், இவற்றை உரிமையாளரிடம் எழுத்து மூலம் கோரலாம்.

இவ்வளவுக்குப் பின்னும் குழந்தை விழுந்துவிட்டால், அதைக் குலுக்கக் கூடாது. நினைவிழப்பு, வலிப்பு, தொடர் வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், காது அல்லது மூக்கிலிருந்து இரத்தமோ நீரோ வடிதல், தலையில் மெத்தென்ற வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உயரத்திலிருந்து விழுந்திருந்தால், அறிகுறி இல்லாவிடினும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருக்கும் என்ற ஐயம் எழுந்தால், குழந்தையை அசைக்காமல் 112 என்னும் அவசர எண்ணை அழையுங்கள்.

இன்று மாலை வீடு திரும்பியதும், தரையில் அமர்ந்து குழந்தையின் கண் உயரத்திலிருந்து ஒவ்வோர் அறையையும் பாருங்கள். ஏறக்கூடியது எது, நுழையக்கூடிய இடைவெளி எது என்பது அப்போது புலப்படும். கையில் ஓர் அளவுநாடா இருந்தால் போதும். ஆண்டுக்கணக்கில் தவணை செலுத்தி நாம் சொந்தமாக்கும் வீடு, அதில் வளரும் குழந்தைக்கும் பாதுகாப்பானதாக இருக்கட்டும்.