மேக் மறைக்கும் வரிகளைப் பார்ப்பது எப்படி?

லினக்ஸ் சிஸ்டத்திற்குப் புதிதாக மாறியிருக்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இணையத்திலிருந்து ஒரு புரோகிராமின் சோர்ஸ் கோடை இறக்கினேன். மேக் என்று டைப் செய்து என்டர் தட்டினேன். சிசி, சிசி என்று பைல் பெயர்கள் வரிசையாக ஓடின. திடீரென்று எரர் காட்டி நின்றுவிட்டது. என்ன செய்வது?" நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான். "முழுக் கட்டளையையும் பார்த்தீர்களா?"

அது எங்கே இருக்கிறது என்று அவர்கள் விழிப்பது இயல்பே. ஏனென்றால் அது திரையில் வருவதில்லை. அதை வரவழைக்கும் வழியை இங்கு பார்க்கலாம்.

முதலில் மேக் என்ன செய்கிறது? ஒரு சாப்ட்வேர் தொகுப்பில் நூற்றுக்கணக்கான சோர்ஸ் பைல்கள் இருக்கலாம். ஒவ்வொன்றையும் கம்பைலரிடம் கொடுத்து, கிடைப்பவற்றை இணைத்து, இயங்கும் புரோகிராமாக மாற்ற வேண்டும். இதற்கான கட்டளைகள் மேக்பைல் என்னும் பைலில் எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்து வேலை வாங்கும் மேஸ்திரிதான் மேக். 1976ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் பெல்ட்மேன் இதனை உருவாக்கினார்.

மேக் இயல்பில் எதையும் மறைக்காது. ஒரு கட்டளையைத் திரையில் எழுதிக் காட்டிவிட்டுத்தான் இயக்கும். ஆனால் பெரிய தொகுப்புகளில் ஒரு கட்டளையே நான்கைந்து வரிகள் நீளும். அந்தக் கூட்டத்தில் எச்சரிக்கைச் செய்தி வந்தாலும் கண்ணில் படாது. எனவே மேக்பைல் எழுதுபவர்கள், கட்டளைக்கு முன்னால் அட் குறி போட்டு அதை மறைத்து, பைல் பெயரை மட்டும் காட்டினார்கள். லினக்ஸ் கெர்னல் இப்படித்தான் செய்கிறது. 2009ல் வெளியான ஆட்டோமேக் 1.11 பதிப்பும் இந்த வசதியைத் தந்தது. எல்லாம் சரியாக நடக்கும்போது இது அழகு. தவறு நேரும்போதுதான் தொல்லை.

மறைந்ததை வரவழைக்க, மேக் என்று டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, ஆங்கிலப் பெரிய எழுத்து வி, சமக்குறி, 1 என இடைவெளியின்றி அமைத்து என்டர் தட்டுங்கள். கெர்னலிலும் ஆட்டோமேக் வழி வந்த தொகுப்புகளிலும் இது வேலை செய்யும். கெர்னலில் 1க்குப் பதில் 2 கொடுத்தால், ஒரு பைல் ஏன் மறுபடி கம்பைல் ஆகிறது என்ற காரணமும் கிடைக்கும். சிமேக் உருவாக்கிய மேக்பைல் என்றால், வி எழுத்திற்குப் பதிலாக வெர்போஸ் என்ற சொல்லை முழுவதும் பெரிய எழுத்துகளில் தர வேண்டும். நின்ஜா பயன்படுத்தினால், ஒரு கோடும் சிறிய வி எழுத்தும் போதும்.

ஏற்கனவே கம்பைல் ஆன பைல்களை மேக் மீண்டும் தொடாது. நின்ற இடத்திலிருந்தே தொடங்கும் என்பதால் நமக்கு வேண்டிய வரி உடனே வந்துவிடும். பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்யச் சொல்லும் ஜே ஆப்ஷனை மட்டும் இப்போது தவிர்த்திடுங்கள். வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

நீண்ட வரியைக் கண்டு மிரள வேண்டாம். நான்கு அடையாளங்கள் தெரிந்தால் போதும். கோடும் பெரிய ஐ எழுத்தும் வந்தால், அடுத்திருப்பது ஹெடர் பைல்களைத் தேட வேண்டிய டைரக்டரி. பெரிய எல் என்றால் லைப்ரரிகளைத் தேடும் டைரக்டரி. சிறிய எல் என்றால் இணைக்க வேண்டிய லைப்ரரியின் பெயர். சிறிய ஓ என்றால் உருவாகப் போகும் பைலின் பெயர்.

இது எவ்வளவு உதவும்? எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர், புராஜெக்ட் கொடுக்க இரண்டு நாட்களே இருக்கும்போது என்னை அழைத்தார். ஒரு ஸ்ட்ரக்சரில் குறிப்பிட்ட உறுப்பு இல்லை என்று எரர் வந்தது. தேவையான லைப்ரரியின் புதிய பதிப்பை அவர் முறையாக இன்ஸ்டால் செய்திருந்தார். ஹெடர் பைலைத் திறந்தால் அந்த உறுப்பு அங்கே இருந்தது! சிஸ்டமே கெட்டுவிட்டது, அழித்துவிட்டு லினக்ஸை மறுபடி பதியப் போகிறேன் என்றார். அவருடைய புராஜெக்ட் பைல்களும் அதே டிஸ்க்கில்தான் இருந்தன. வேறு நகல் இல்லை.

முழு வரியைக் காட்டச் சொன்னேன். பெரிய ஐ எழுத்திற்குப் பின்னால், அவருடைய ஹோம் டைரக்டரியில் இருந்த ஒரு போல்டரின் பெயர் தெரிந்தது. எப்போதோ சோதனைக்காக அதே லைப்ரரியின் பழைய பதிப்பை அங்கே விரித்து வைத்திருந்தார். அந்த போல்டரைத் தேடச் சொல்லும் குறிப்பு, பாஷ் ஷெல்லின் தொடக்க பைலில் அப்படியே தங்கியிருந்தது. அந்த ஒரு வரியை நீக்கி, புதிய டெர்மினல் திறந்து, கான்பிகர் ஸ்கிரிப்டை இயக்கி, மேக் கிளீன் கொடுத்து மீண்டும் மேக் கொடுத்தார். வேலை முடிந்தது. டிஸ்க்கும் பிழைத்தது.

அந்த வரியிலும் காரணம் தெரியாவிட்டால், அதை அப்படியே காப்பி செய்து, இறுதியில் கோடும் சிறிய வி எழுத்தும் சேர்த்து, அதே டைரக்டரியில் இயக்குங்கள். ஜிசிசி கம்பைலர் தன் பதிப்பு எண்ணையும், ஹெடர் பைல்களுக்காக எந்தெந்த டைரக்டரிகளை எந்த வரிசையில் தேடுகிறது என்பதையும் பட்டியல் போட்டுத் தரும்.

விபரம் தெரிந்தவரிடம் அனுப்பி உதவி கேட்பதாக இருந்தால், முதலில் ஸ்கிரிப்ட் என்னும் கட்டளையை டைப் செய்து என்டர் தட்டுங்கள். பிறகு மேக் கட்டளையை இயக்குங்கள். முடிந்ததும் எக்ஸிட் கொடுங்கள். திரையில் வந்த அனைத்தும் டைப்ஸ்கிரிப்ட் என்ற பைலில் பதிவாகியிருக்கும். நிறங்களுக்கான குறிகள் இடையிடையே தெரிந்தால் கவலை வேண்டாம். அனுப்பும் முன் ஒரு முறை படித்துவிடுங்கள். உங்கள் யூசர் பெயரும் போல்டர் பெயர்களும் அதில் இருக்கும்.

கடைசி வரியில் இருப்பது பெரும்பாலும் மேக் சொல்லும் "நின்றுவிட்டேன்" மட்டுமே. மேலே போய் எரர் என்ற சொல் முதலில் வரும் இடத்தைத் தேடுங்கள். அதற்கு முன்னால் உள்ள முழுக் கட்டளையைப் படியுங்கள். சிஸ்டத்தை அழிக்கும் முடிவை அதன் பிறகு எடுக்கலாம், அநேகமாகத் தேவைப்படாது.