ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம்: இன்டர்நெட் வழியே பெறுவது எப்படி?

பிளஸ் டூ படிக்கும் மகனோ மகளோ அமெரிக்கக் கல்லூரியில் பட்டப்படிப்பிற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டதாலேயே வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்ததா? மார்க் ஷீட்டை ஸ்கேன் செய்வது, கட்டுரையை டைப் செய்வது எல்லாம் நம் கையில் உள்ள வேலைகள். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் அப்படி அல்ல. அதை மாணவர் அப்லோட் செய்ய முடியாது. ஆசிரியரே நேரடியாக அனுப்ப வேண்டும். இங்குதான் பலர் தடுமாறுகின்றனர்.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றிற்கு காமன் ஆப் என்ற ஒரே தளத்தில் விண்ணப்பிக்கலாம். 1975ல் 15 கல்லூரிகளுடன் தொடங்கிய இந்த அமைப்பில் இன்று ஆயிரத்திற்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. இதில் அக்கவுண்ட் திறந்து, பள்ளி விவரங்களை நிரப்பி, கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்த பின், மை காலேஜஸ் பிரிவில் 'ரெகமெண்டர்ஸ் அண்ட் ஃபெர்பா' என்று ஒரு பகுதி கிடைக்கும். அதில் கிளிக் செய்திடுங்கள்.

முதலில் ஃபெர்பா பற்றிக் கேட்கப்படும். இது 1974ல் வந்த அமெரிக்கச் சட்டம். கல்லூரியில் சேர்ந்த பின் அந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை இப்போதே விட்டுக் கொடுக்கிறீர்களா என்பதே கேள்வி. விட்டுக் கொடுப்பதே வழக்கம். மாணவர் பார்க்க மாட்டார் என்று தெரிந்து எழுதிய கடிதத்தைத்தான் கல்லூரிகள் அதிகம் நம்புகின்றன. சில ஆசிரியர்கள் இல்லையென்றால் எழுதவே மறுப்பார்கள். ஆசிரியருக்கு அழைப்பு அனுப்பிய பின் இந்த முடிவை மாற்ற முடியாது. எனவே அவசரத்தில் டிக் செய்து விடாதீர்கள்.

அடுத்து ஆசிரியரின் பெயரையும் இமெயில் முகவரியையும் டைப் செய்து அழைப்பு அனுப்ப வேண்டும். முகவரியில் ஓர் எழுத்து தவறினாலும் அழைப்பு போய்ச் சேராது. பள்ளியின் பெயரில் ஆசிரியருக்கு இமெயில் இருந்தால் அதையே கொடுங்கள். இரண்டு நாளில் வரவில்லை என்றால் ஸ்பாம் போல்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கல்லூரிக்கும் எந்த ஆசிரியர் என்பதையும் தனித்தனியே குறிக்க வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம். நம் பள்ளிகள் பலவற்றில் கவுன்சிலர் இல்லை. அந்த இடத்தில் தலைமை ஆசிரியரைச் சேர்க்கலாம்.

இனி முக்கியமான விஷயம். "நீயே எழுதிக் கொண்டு வாப்பா, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்பார் சார். அவருக்கு வேலைப் பளு, அன்பாகத்தான் சொல்கிறார். ஒப்புக் கொள்ளாதீர்கள். அதைவிட மோசம், ஆசிரியர் பெயரில் புதிய இமெயில் முகவரி திறந்து நாமே அனுப்புவது. இது மோசடி. தெரிய வந்தால், கிடைத்த இடமும் ரத்தாகலாம். தெரிய வராது என்று நினைப்பவர்களுக்கு ஒரு சோதனை. உங்கள் கம்ப்யூட்டரில் ஏதாவது ஒரு வேர்ட் பைலில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், பின் டீடெய்ல்ஸ் டேப் செல்லுங்கள். ஆதர்ஸ் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது? பெரும்பாலும் அந்தக் கம்ப்யூட்டரின் உரிமையாளர் பெயர்தான். அதே பைலை பி.டி.எப். ஆக மாற்றினாலும் இந்தப் பெயர் பல வேளைகளில் உடன் செல்லும்.

அப்படியானால் சாருக்கு எப்படி உதவுவது? ஒரு பக்கத்தில் குறிப்பு மட்டும் டைப் செய்து கொடுங்கள். அவர் வகுப்பில் செய்த ப்ராஜெக்ட், புரியாமல் திணறி பின் தேறிய பாடம், விண்ணப்பிக்கும் கல்லூரிகள், கடைசித் தேதிகள். "நல்ல மாணவர், ஒழுக்கமானவர்" என்ற வரிகளால் பயனில்லை. அந்த மாணவர் கேட்ட ஒரு கேள்வி, செய்த ஒரு வேலை எனக் குறிப்பாக எழுதினால்தான் கடிதம் எடுபடும். கடிதத்தைப் பள்ளியின் லெட்டர் ஹெட்டில் பிரிண்ட் செய்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து அவரே அப்லோட் செய்யலாம். பைல் மிகப் பெரிதாக இருந்தால் தளம் ஏற்காது. ஸ்கேனரில் 150 டி.பி.ஐ. வைத்தாலே எழுத்து தெளிவாக இருக்கும்.

எல்லாக் கல்லூரிகளும் ஒரே மாதிரி கேட்பதில்லை. எம்.ஐ.டி. தன் சொந்தத் தளத்தில் இரண்டு கடிதங்கள் கேட்கிறது: கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருவர், மொழி அல்லது சமூகவியல் போன்ற பாட ஆசிரியர் ஒருவர். தமிழாசிரியரையும் கேட்கலாம், கடிதம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகமோ, தானாகக் கேட்டால் ஒழிய கடிதமே வேண்டாம் என்கிறது.

தேதிகளையும் பாருங்கள். முதல் சுற்று பெரும்பாலும் நவம்பர் 1ல் முடியும். 2024ல் அது தீபாவளிக்கு மறுநாள். அடுத்த சுற்றுக்குப் பல கல்லூரிகள் ஜனவரி 1 என்கின்றன. அப்போது நம் பள்ளிகளில் அரையாண்டு விடுமுறை. சார் ஊருக்குப் போயிருப்பார். பிளஸ் டூ வகுப்பு தொடங்கிய ஜூன், ஜூலையிலேயே நேரில் சென்று கேட்டு விடுங்கள். அழைப்பு மெயிலை அதன் பிறகு அனுப்பினால் போதும்.