செஸ் நிரலைச் சோதிக்க எந்தக் கணினி?

மாமல்லபுரத்தில் 2022-இல் ஒலிம்பியாட் நடந்தது. 2024-இல் குகேஷ் உலக சாம்பியனானார். எங்கள் கிளியனூர்ப் பக்கத்தில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் இப்போது செஸ் ஆடும் நிரல்களையே எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்காக லட்ச ரூபாய்க்குமேல் விலையுள்ள கேமிங் மடிக்கணினியைக் கடன் வாங்கியாவது வாங்கித் தரப் பெற்றோர் முனைகிறார்கள். இந்தச் செலவு தேவையற்றது என்பது என் கருத்து.

ஒரே நிலையை ஆழ்ந்து ஆராய வேண்டிய கிராண்ட்மாஸ்டருக்கு வலிமையான கணினி வேண்டும். நிரல் எழுதுபவரின் கேள்வியோ வேறு: நேற்றுச் செய்த திருத்தத்தால் நிரல் முன்னேறியதா? பழைய நிரலையும் புதியதையும் மோதவிட்டுத்தான் இதை அறிய முடியும். பாதி ஆட்டங்கள் டிராவில் முடிவதாகக் கொண்டால், 100 ஆட்டங்களின் முடிவில் ஏறக்குறைய 48 எலோ புள்ளிகள் இப்படியோ அப்படியோ பிசகலாம். நல்ல திருத்தம் ஒன்று தரும் முன்னேற்றமோ பெரும்பாலும் இரண்டு மூன்று புள்ளிகளே. பிசகை 2 புள்ளிக்குள் அடக்க ஏறத்தாழ 58,000 ஆட்டங்கள் வேண்டும். ஆட்டத்துக்கு அரை நிமிடம் என்றாலும், நான்கு கோர் கணினியில் ஐந்து நாள் ஓடும். பதினாறு கோர்களில் முப்பது மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஆகவே வேகத்தைவிடக் கோர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு கோருக்கு ஓர் ஆட்டம். ஒரு கோரை இயங்குதளத்துக்கு விட்டுவிட வேண்டும். இல்லையேல் பத்து வினாடி ஆட்டத்தில் நொடிப்பொழுதுத் தடங்கலே நேரத் தோல்வியாகிவிடும். நினைவகம் 16 ஜிபி தாராளம். கிராஃபிக்ஸ் கார்டு லீலா போன்ற நிரல்களுக்குத்தான் தேவை. ஸ்டாக்ஃபிஷ் 2020 முதல் பயன்படுத்தும் நரம்பியல் வலை சாதாரண பிராசசரிலேயே ஓடுகிறது.

சென்னை ரிச்சி தெருவில் பழைய சர்வரைத் தேடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இல்லாத பிராசசரில் நரம்பியல் வலை மிகவும் மந்தமாகும். இன்டெல் ஜியான் இ5 வரிசையில் மூன்றாம் பதிப்புக்கு முந்தையவற்றில் அவை கிடையா. விலை குறைவு என்று அவற்றை வாங்கிவிடக் கூடாது.

மடிக்கணினி வேண்டாம் என்பதற்கு நம் வெயிலும் ஒரு காரணம். சித்திரை மாதத்தில் அனைத்துக் கோர்களையும் இரவு பகலாக ஓட்டினால் சூடேறி வேகம் தானே குறையும். பகல் ஆட்டமும் இரவு ஆட்டமும் ஒரே ஆழத்தில் நிகழா. பெரிய விசிறியுள்ள மேசைக் கணினியே மேல். பிராசசரின் டர்போ வேகத்தை அணைத்து ஒரே சீராக ஓடவிடுவதும் நல்லது. மின்தடைக்கு யுபிஎஸ் வேண்டும் என்பதை விழுப்புரம் மாவட்டத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் 2013 முதல் ஃபிஷ்டெஸ்ட் என்ற அமைப்பில், உலகெங்கும் தன்னார்வலர்கள் இரவல் தரும் கணினிகளில் ஆட்டங்களைப் பகிர்ந்து சோதிக்கிறார்கள். ஒவ்வொரு கணினியின் வேகத்தையும் அளந்து, அதற்கேற்ப ஆட்ட நேரம் மாற்றப்படுகிறது. நம் கல்லூரி ஆய்வகங்களில் ஒரே மாதிரிக் கணினிகள் வரிசையாக இருக்கின்றன. மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்பட்டு மறுநாள் காலைவரை சும்மா கிடக்கின்றன. பேராசிரியர் ஒருவர் பொறுப்பேற்று, இரவில் அவற்றில் பத்தை மாணவர்களின் சோதனைக்கு விட்டால், எந்தப் பெற்றோரும் கடன் வாங்க வேண்டியிராது.