அரிச்சந்திரன் இறங்கிய சுடலை: சங்கரதாஸ் சுவாமிகளின் மேடை பற்றிச் சில கேள்விகள்



தமிழ் நாடக உலகின் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் நம் பக்கத்து மனிதர். அன்றைய திருநெல்வேலிச் சீமையில், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில், தாமோதரத் தேவரின் மகனாக 1867இல் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். எமன், சனீஸ்வரன் வேடங்களில் பார்ப்பவர்களைக் கதிகலங்க வைத்தவர், பிறகு நடிப்பை விட்டு எழுத்துக்கும் பயிற்சிக்கும் வந்துவிட்டார். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். 1922இல் புதுச்சேரியில் இறந்தார்.

அவர் விட்டுச்சென்றது நாடகப் பிரதிகளை மட்டுமல்ல, ஒரு முறையையும்தான். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்கு மேடையேறினால் விடியும்வரை ஆடுவார்கள். இது எப்படி முடிகிறது? வள்ளித் திருமணமோ பவளக்கொடியோ, பாட்டும் தர்க்கமும் எல்லோருக்கும் பொதுவாக மனப்பாடம். ஒரே மனிதரின் பாடத்தை நூறாண்டுகளாக ஒரு தொழிலே நெஞ்சில் சுமந்து பிழைக்கிறது. இதற்கு ஈடான சாதனை நவீன நாடகத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் அந்த மேடையில் நாம் யாருக்காக அழ வைக்கப்படுகிறோம்?

சோக நாடகம் என்றதும் வகுப்பறையில் கிரேக்கத்தைக் காட்டுவார்கள். சோபாக்ளிஸின் ஈடிபஸ் நாடகத்தில் அரசனின் பிறப்பு ரகசியம் தெரிந்தவன் ஒரு கிழட்டு ஆட்டிடையன், அரண்மனை அடிமை. அவன் கையை முறுக்கச் சொல்லி மிரட்டித்தான் அரசன் உண்மையை வாங்குகிறான். அவனுக்குப் பெயர்கூட இல்லை. கண்ணைக் குத்திக்கொண்ட அரசனுக்காக உலகம் 2,400 ஆண்டுகளாக அழுகிறது. அந்தக் கிழவன் கை என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

நம் மேடையில் இதற்கு நேராக நிற்பது அரிச்சந்திர மயான காண்டம். நாடு போய், மனைவியும் மகனும் விலைபோய், கடைசியில் அரசன் வீரபாகுவின் அடிமையாகச் சுடலை காக்கிறான். கால் பணமும் முழத்துண்டும் ஆண்டைக்கு. வாய்க்கரிசி மட்டும் அவனுக்கு. செத்த மகனைத் தூக்கிவந்த சந்திரமதியிடமே கூலி கேட்கிறான். சபை தேம்புகிறது. ஒருவன் இதைவிடக் கீழே போக முடியாது என்பதுதான் அந்த அழுகையின் இலக்கணம். அந்தக் 'கீழே'யில் வீரபாகு பிறந்தான், வாழ்ந்தான். அரசன் சில காலம் செய்தால் சோகம். நம்மாள் தலைமுறை தலைமுறையாகச் செய்தால் ஊர் வழக்கம்.

இதிலும் கொடுமை, முடிவு. மார்க்கண்டேய புராணத்தின்படி அந்தப் புலையன் புலையனே அல்ல, வேடமிட்டு வந்த தருமதேவன். அரசன் உண்மையில் எந்தத் தலித்துக்கும் அடிமையாக இருக்கவில்லை என்று கதை தன்னைச் சுத்தப்படுத்திக்கொள்கிறது. சுடலைக்கு வெளியே மட்டுமல்ல, சுடலைக்குள்ளும் நமக்கு இடமில்லை.

இதே சுத்திகரிப்பு தாமிரபரணிக் கரையிலும் நடந்திருக்கிறது. வில்லுப்பாட்டில் நாம் கேட்டு வளர்ந்த முத்துப்பட்டன் கதையை நினைத்துப்பாருங்கள். பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியப் பெண்களுக்காகப் பட்டன் பூணூலை அறுத்தான், குடுமியை எடுத்தான், தோல் பதனிட்டுச் செருப்புத் தைத்தான். அரிச்சந்திரன் விதியால் இறங்கினான். பட்டன் மனதார வந்தான். மாமனாரின் மாடுகளைக் காக்கப் போராடிச் செத்தான். ஆனால் சில பாட வடிவங்கள், அந்தப் பெண்கள் உண்மையில் காட்டில் கிடைத்த பார்ப்பனக் குழந்தைகள் என்கின்றன. நா. வானமாமலை போன்ற ஆய்வாளர்கள் அதைப் பிற்காலச் சேர்க்கையாகவே பார்த்தார்கள். வாலப்பகடை பெற்ற மகள்களாகவே அவர்களை விட்டுவைக்க ஏதோ ஒரு கைக்கு மனம் வரவில்லை.

சுவாமிகளின் பிரதிகளை எரிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாடகக்காரர்களின் பிழைப்பு அதில் இருக்கிறது. அவர்களில் நம்மவர்களும் உண்டு. மயான காண்டத்தை வீரபாகுவின் வாயிலிருந்து எழுத இங்கே வந்திருக்கும் மாணவர்கள் முன்வரலாம். ஆண்டை ஒருவன் கையில் கோலோடு நிற்கும்போது வீரபாகு என்ன நினைத்திருப்பான்? அந்த ஒரு கேள்வியே ஓர் இரவு நாடகத்துக்குப் போதும்.

பட்டன் கதையைச் சேர்க்கையால் முழுசாக மூட முடியவில்லை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் சன்னதிக்கு இன்றும் நேர்த்திக்கடனாகச் செருப்புதான் கட்டுகிறார்கள்.